குவாத்தமாலா மலைக் கிராமப் பள்ளிகள்: கட்டடத்துக்குக் கொடுப்பதா, வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுப்பதா?

நீள்பயணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுதோறும் வருமானத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஏதேனும் ஒரு கல்விப் பணிக்கு அனுப்பும் பதினான்கு பேர் கொண்ட குழு எங்களுடையது. இந்த முறை குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில், வேவேதெனாங்கோ மாநிலத்தின் குச்சுமத்தானெஸ் மலைத்தொடரில் உள்ள மாம் மொழி பேசும் இரண்டு சிற்றூர்களுக்கு உதவுவது என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் முன் இரண்டு முன்மொழிவுகள் உள்ளன. முதலாவது, குப்பை அடைத்த பிளாஸ்டிக் புட்டிகளைச் செங்கல்லுக்குப் பதிலாக வைத்து இரண்டு வகுப்பறைகள் கட்டித் தரும் திட்டம். இரண்டாவது, அதே வட்டாரத்தின் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று ஆண்டுகள் வாசிப்புக் கற்பித்தலில் பயிற்சி அளித்து, வகுப்பறைக்கு நூல்களும் கொடுக்கும் திட்டம். இரண்டுக்கும் கேட்கப்படும் தொகை ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்களில் ஒன்பது பேர் கட்டடத்தின் பக்கம் நிற்கிறார்கள். கட்டடம் என்றால் ஓராண்டுக்குள் எழுந்து நிற்பதைப் புகைப்படத்தில் பார்க்கலாம், பயிற்சி என்றால் பணம் எங்கே போனது என்றே தெரியாமல் போகும் என்பது அவர்கள் வாதம். அதை நான் முற்றிலும் தள்ளிவிடவில்லை. ஆனாலும் கட்டடம் இல்லாததால்தான் அந்தக் குழந்தைகள் படிக்காமல் இருக்கிறார்களா என்ற கேள்வி என்னை விடவில்லை. மத்திய அமெரிக்காவில் இத்தகைய பணிகளை நேரில் அறிந்தவர்கள் அல்லது அவற்றைத் தொடர்ந்து கவனித்து வருபவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைக்காற்று:

வணக்கம் நீள்பயணி அவர்களே. அந்த மலைத்தொடரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பள்ளிப் பிரிவில் நான் மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் சொல்லப்போவதில் எங்கள் தவறுகளும் உண்டு.

உங்கள் கேள்விக்கு விடை மொழியில் தொடங்குகிறது. குவாத்தமாலாவில் மாம் உட்பட 22 மாயா மொழிகள் பேசப்படுகின்றன; அவற்றுடன் கரிஃபுனா, சின்கா ஆகிய மொழிகளும் உள்ளன. 2003-ஆம் ஆண்டின் தேசிய மொழிகள் சட்டம் இவற்றை அங்கீகரித்தது. இருமொழிக் கல்விக்கென்றே 1995-இல் கல்வி அமைச்சில் தனி இயக்குநரகம் உருவானது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஏழு வயதில் மாம் மட்டுமே அறிந்து பள்ளிக்கு வரும் பிள்ளை, முதல் வகுப்பில் எதிர்கொள்வது பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் எழுதிய கரும்பலகையைத்தான். ஸ்பானிய எழுத்துமுறை ஒலிப்புக்கு மிக நெருக்கமானது. ஆகவே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட பிள்ளை ஒரு பத்தியைத் தடங்கலின்றி உரக்க வாசித்துவிடும். பார்வையிட வருபவர் மகிழ்ந்து போவார். இப்போது வாசித்ததில் ஆடு எங்கே போனது என்று கேட்டால், அந்தப் பிள்ளை தரையைப் பார்க்கும். எங்கள் முதல் ஆண்டு அறிக்கையில் நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் வாசித்தார்கள் என்பதை மட்டும் எழுதி, நன்கொடையாளர்களுக்குப் பெருமையுடன் அனுப்பினோம். பொருள் புரிந்ததா என்பதை இரண்டாம் ஆண்டில்தான் சோதித்தோம். அந்த அறிக்கையை எழுதுவதற்கு எங்களுக்கு அதிக நாள் ஆனது.

தாய்மொழியில் கற்பித்தால் போதுமே என்று தோன்றும். அங்கேயும் இரண்டு முடிச்சுகள் உள்ளன. முதலாவது, மாம் பேசும் ஆசிரியர்களிலேயே பலர் மாம் மொழியை எழுத்தில் வாசித்துப் பழகியதே இல்லை. மாயா மொழிகளுக்கான ஒருங்கிணைந்த எழுத்துமுறை 1987-இல்தான் அரசாணையாக வந்தது. குரல்வளை அடைப்பொலிகளைக் குறிக்க அதில் வரும் ஒற்றை மேற்கோள் குறியைக் கண்டு தயங்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, வேறொரு மாயா மொழியான கிச்சே பேசும் ஆசிரியர் மாம் பேசும் ஊருக்கு நியமிக்கப்படுவதும் நடக்கிறது. ஆவணத்தில் அவரும் "இருமொழி ஆசிரியர்"தான். இரண்டாவது முடிச்சு பெற்றோர். "எங்கள் மொழி வீட்டில் இருக்கிறது, ஸ்பானியம் கற்கத்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம்" என்று கூட்டத்தில் எழுந்து கேட்பார்கள். நகரத்துச் சந்தையிலும் அரசு அலுவலகத்திலும் ஸ்பானியம் தெரியாமல் அவமானப்பட்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை. தாய்மொழியில் பொருள் புரிந்து வாசிக்கக் கற்ற பிள்ளை ஸ்பானியத்தையும் நன்றாகக் கற்கும் என்பதை நாங்கள் வாயால் விளக்கி எவரும் ஏற்கவில்லை. ஓராண்டு கழித்து, வகுப்பில் பிள்ளைகள் இரு மொழியிலும் கதை சொல்லிக்காட்டிய நாளில்தான் தாய்மார்கள் சிலர் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே வாசிப்புப் பயிற்சித் திட்டமே என் பரிந்துரை. ஆனால் "ஆசிரியர் பயிற்சி" என்ற பெயரில் நடப்பவை அனைத்தும் ஒன்றல்ல. விடுதி ஒன்றில் இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தி, மதிய உணவும் சான்றிதழும் கொடுத்து அனுப்பினால், திங்கட்கிழமை ஆசிரியர் பழையபடி கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வார். பயிற்றுநர் ஒருவர் மாதத்துக்கு இருமுறையாவது வகுப்புக்குள் வந்து, பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, பாடம் முடிந்தபின் ஆசிரியருடன் உட்கார்ந்து பேசினால்தான் மாற்றம் வருகிறது. அவர் எந்த மொழி பேசுவார் என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

சாந்துக்கரண்டி:

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன். ஆயினும் கட்டடத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்குவது சரியல்ல என்று ஒரு கட்டடப் பொறியாளன் என்ற முறையில் பதிவு செய்ய விரும்புகிறேன். குவாத்தமாலாவின் அட்டித்லான் ஏரிக்கரையில் தொடங்கிய இந்தப் புட்டிக் கட்டுமுறையில் எடையைத் தாங்குவது புட்டிகள் அல்ல. இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் தூண்களும் விட்டங்களும்தான் சட்டகம். புட்டிகளைக் கம்பிவலைக்கு இடையில் அடுக்கி மேலே சிமெண்ட் பூசுவார்கள். நிலநடுக்கம் மிகுந்த நாட்டில் அந்தச் சட்டகம் சரியாக அமைந்ததா என்பதே முதல் கேள்வி. தகரக் கூரையின் கீழ் மழைக்காலப் பிற்பகலில் ஆசிரியரின் குரல் பிள்ளைகளுக்குக் கேட்காது. மூன்று வகுப்புகள் ஒரே அறையில் அமர்ந்தால் எந்தப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் தடுமாறுவார். மேலும் புட்டிகளில் குப்பையை அடைக்க ஊரே சேரும்போது, அந்தப் பள்ளி தங்களுடையது என்ற உணர்வு பிறக்கிறது. அதற்கும் மதிப்பு உண்டு.

கணக்குப்பிள்ளை:

சாந்துக்கரண்டி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரே ஒரு கேள்விதான்: அந்த இரண்டு வகுப்பறைகளுக்கு ஆசிரியர் யார்?

நான் பல நாடுகளில் கல்வித் திட்டங்களின் செலவை ஆய்வு செய்பவன். குவாத்தமாலாவில் ஆசிரியர் பணியிடம் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் 011 என்ற தலைப்பின் கீழ் நிரந்தரமாகவோ, 021 என்ற தலைப்பின் கீழ் ஒப்பந்தமாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களில் ஒன்று இல்லாத வகுப்பறை, சில ஆண்டுகளில் மக்காச்சோளக் கதிர் உலர்த்தும் இடமாகிவிடும். அப்படி ஒன்றை நானே பார்த்தேன். சுவரில் நன்கொடையாளர்களின் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. எனவே கட்டட முன்மொழிவு அனுப்பியவர்களிடம், கல்வி அமைச்சின் ஒப்புதலும் ஆசிரியர் நியமன உறுதியும் எழுத்தில் உள்ளனவா என்று கேளுங்கள். பழைய அறைகள் சிதைந்திருப்பதுதான் குறை என்றால், அதற்கு வேறு வழியும் இருக்கிறது. 2024 ஜனவரியில் பொறுப்பேற்ற அதிபர் பெர்னார்தோ அரேவலோவின் அரசு, பள்ளிகளில் உள்ள பெற்றோர் அமைப்புகளிடமே பணத்தைக் கொடுத்து ஆயிரக்கணக்கான பள்ளிகளைச் சீரமைக்கும் பணியை எடுத்திருக்கிறது. அரசு செய்கிற ஒன்றை உங்கள் பணத்தால் செய்வதைவிட, அந்தப் பெற்றோர் அமைப்பு விண்ணப்பத்தை நிரப்ப உதவுவது மலிவானது.

அதே பெற்றோர் அமைப்புகள்தாம் பள்ளி உணவையும் நடத்துகின்றன. 2017-இன் பள்ளி உணவுச் சட்டப்படி, அந்தப் பணத்தில் பாதியையாவது உள்ளூர்ச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் பொருள் வாங்கச் செலவிட வேண்டும். 2014–15 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்த நாடு அது. பழங்குடி மலைக் கிராமங்களில் நிலைமை இன்னும் மோசம். வாசிப்புத் திறன் பற்றிப் பேசும் நாம் இந்த எண்ணை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

நீள்பயணி:

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் பணியிடம் பற்றிய கேள்வியை நாங்கள் எவருமே எழுப்பவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். குழுவில் எழுந்த மற்றொரு யோசனையையும் இங்கே வைக்கிறேன். அரசை நம்பிக் காத்திராமல், ஊர்ப் பெற்றோரே ஆசிரியரை அமர்த்திக்கொள்ளும் வகையில் ஊதியத்துக்கே பணம் கொடுத்தால் என்ன? அப்படிச் செய்து பார்த்த முன்னுதாரணம் உண்டா? தொடக்கப்பள்ளி முடித்த பின் இந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழைய பதிவேடு:

முன்னுதாரணம் ஒன்றல்ல, நிறைய உண்டு. மத்திய அமெரிக்காவின் கல்வி வரலாற்றில் மிகவும் விவாதிக்கப்பட்ட பகுதி அதுவே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, சலாத்தெனாங்கோ, மொராசான் போன்ற பகுதிகளில் அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஊரில் ஓரளவு படித்த இளைஞர்களே மரத்தடியிலும் இடிந்த வீடுகளிலும் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். ஊர் மக்கள் தாமே பள்ளி நடத்த முடியும் என்பதை அந்த அனுபவம் காட்டியது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1991-இல் எதூக்கோ என்ற திட்டத்தை அரசு உலக வங்கியின் ஆதரவுடன் தொடங்கியது. பெற்றோர் சங்கம் அரசிடமிருந்து பணம் பெற்று, ஆசிரியரைத் தானே தேர்ந்தெடுத்து, ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தும். வேடிக்கை என்னவென்றால், போர்க்காலத்தில் உண்மையாகவே கற்பித்த அந்த மக்கள் ஆசிரியர்களில் பலர், உரிய சான்றிதழ் இல்லாததால் இந்தப் புதிய ஏற்பாட்டின் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. குவாத்தமாலா 1990-களின் தொடக்கத்தில் புரோனாதே என்ற பெயரிலும், ஹோண்டுராஸ் 1999-இல் புரோஹெக்கோ என்ற பெயரிலும் இதே வழியைப் பின்பற்றின. குவாத்தமாலாவில் பெற்றோர் குழுக்களுக்குக் கணக்கு எழுதவும் ஒப்பந்தம் போடவும் கற்றுக்கொடுக்கும் வேலையை அரசு தொண்டு நிறுவனங்களிடமே ஒப்படைத்தது.

பள்ளியே இல்லாத ஊர்களுக்கு இவை விரைவாகப் பள்ளியைக் கொண்டு சென்றன. எல் சால்வடோரில் ஆசிரியர் வருகையின்மை குறைந்ததை ஆய்வுகள் காட்டின. ஆனால் ஆசிரியருக்கு நிரந்தரம் இல்லை, தொழிற்சங்கம் இல்லை, ஊதியம் தாமதமாகும். ஊர்த்தலைவரின் உறவினருக்கே வேலை கிடைக்கும் என்ற புகாரும் இருந்தது. ஏழைப் பெற்றோர் ஊதியமின்றி நிர்வாக வேலை செய்ய, நகரத்துப் பெற்றோருக்கு மட்டும் அரசே எல்லாவற்றையும் செய்து தருவது என்ன நியாயம் என்ற கேள்விக்கு எவரும் சரியான பதில் சொல்லவில்லை. 2008-இல் ஆல்வரோ கோலோம் ஆட்சிக்கு வந்த பின் குவாத்தமாலாவில் அந்த ஆசிரியர்கள் அரசுப் பணிக்கு மாற்றப்பட்டார்கள். எல் சால்வடோரிலும் 2009-இல் அமைந்த புதிய அரசு எதூக்கோவைப் படிப்படியாக முடித்தது. அரசின் பணமும் உலக வங்கியின் ஆதரவும் இருந்த திட்டங்களே ஓர் ஆட்சி மாற்றத்தில் இப்படிக் கரைந்தன. பதினான்கு பேரின் நன்கொடையில் ஓர் ஆசிரியருக்கு ஊதியம் கொடுக்கத் தொடங்கினால், நீங்கள் நிறுத்தும் ஆண்டில் அந்த வகுப்பு நிற்கும். ஆகவே வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆறாம் வகுப்புக்குப் பிறகு என்ன என்று கேட்டீர்கள். தொடக்கப்பள்ளி பெரும்பாலும் ஊரிலேயே இருக்கும். அதற்கடுத்த மூன்றாண்டு "பாசிக்கோ" படிப்புக்குப் பல ஊர்களிலிருந்து வெளியே போக வேண்டும். போக்குவரத்துச் செலவு, சீருடை, கட்டணம் என்று சேரும்போது முதலில் நிறுத்தப்படுபவள் மகள். பையன்களில் பலர் வடக்கே அமெரிக்காவுக்குப் போகும் கனவில் இருப்பார்கள். அண்ணன் அங்கிருந்து அனுப்பும் பணத்தில் தங்கை படிக்கும் வீடுகளும் உண்டு. இந்த இடத்தில்தான் ஹோண்டுராஸின் சாட் என்ற கல்விமுறை கவனத்துக்குரியது. கொலம்பியாவில் 1970-களில் ஃபுந்தாயெக் என்ற அமைப்பு உருவாக்கிய இந்த முறையை, பயான் என்ற தொண்டு அமைப்பு 1996-இல் ஹோண்டுராஸுக்குக் கொண்டுவந்தது. தனித்தனிப் பாட ஆசிரியர்களுக்குப் பதிலாக, சிறப்புப் பயிற்சி பெற்ற ஒரே வழிகாட்டி, அதற்கென்றே எழுதப்பட்ட பாடநூல்களை வைத்துக்கொண்டு எல்லாப் பாடங்களையும் நடத்துவார். கணிதமும் அறிவியலும் விவசாயத்துடனும் ஊர்ப் பிரச்சினைகளுடனும் பின்னிப் பிணைந்திருக்கும். கல்வி அமைச்சு அதன் சான்றிதழை அங்கீகரிக்கிறது. வழக்கமான கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளோடு ஒப்பிட்ட ஆய்வில், சாட் இருந்த ஊர்களின் பிள்ளைகள் அதிகம் கற்றிருந்தார்கள், செலவோ குறைவு. கால் நூற்றாண்டுக்கு மேலாக அது நிலைத்திருப்பதற்கு, அரசுக்கு வெளியே நிற்காமல் அரசின் சான்றிதழோடு தன்னைப் பிணைத்துக்கொண்டதே காரணம் என்று நினைக்கிறேன்.

நிகராகுவாவை உங்கள் குழு எதிர்காலத்தில் எண்ணினால் ஒரு சொல். 1980-இல் ஐந்தே மாத எழுத்தறிவு இயக்கத்தால் உலகின் பாராட்டைப் பெற்ற நாடு அது. இன்று அங்கே தொண்டு அமைப்பு இயங்குவதே அரிது. 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் 1,500 அமைப்புகளின் சட்டப் பதிவை அரசு நீக்கியது.

கணக்குப்பிள்ளை:

மேலே வந்த பதிவுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். பாசிக்கோ வகுப்புகளில் பாடநூல் இல்லாமல், பாடநேரத்தின் பெரும்பகுதி கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே கழியும் பள்ளிகள் குவாத்தமாலாவில் நிறைய உண்டு. கோஎட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'கோஆப்பரேட்டிவ் ஃபார் எஜுகேஷன்' என்ற தொண்டு அமைப்பு இதற்கு ஒரு சுழல் நிதியை ஏற்படுத்தியது. நூல்களை நன்கொடையாக வாங்கிப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். குடும்பங்கள் சிறு வாடகை செலுத்தும். அந்த வாடகை ஐந்தாண்டுகள் போலச் சேர்ந்தபின், கிழிந்த நூல்களுக்குப் பதில் புதியவற்றை அந்தப் பணத்திலேயே வாங்குவார்கள். என் தொழிலில் நான் பார்த்த திட்டங்களில், "நீங்கள் போன பிறகு என்ன ஆகும்" என்ற கேள்விக்கு முதல் நாளே விடை வைத்திருந்த மிகச் சிலவற்றுள் இது ஒன்று. உங்கள் வாசிப்புத் திட்டத்துக்காரர்கள் நூல்களும் கொடுப்பதாகச் சொல்கிறார்கள் அல்லவா, அவை கிழிந்தால் யார் வாங்குவார்கள் என்று கேளுங்கள்.

மற்றொன்று: அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டு 2025 ஜூலையில் இயக்கத்தை நிறுத்திக்கொண்டது. அதன் பணத்தில் மலைப்பகுதியில் நடந்துவந்த வாசிப்புப் பணிகள் பலவற்றுக்கு ஆதாரம் போயிற்று. உங்களுக்கு வந்த முன்மொழிவு அப்படி நின்றுபோன ஒன்றின் தொடர்ச்சியா என்று விசாரியுங்கள். ஆம் என்றால் அது குறையன்று. பயிற்சி பெற்ற பயிற்றுநர்கள் ஏற்கெனவே இருப்பார்கள், உங்கள் பணம் நேராக வகுப்பறைக்குப் போகும்.

நீள்பயணி:

இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன கேள்விகளை இரு அமைப்புகளுக்கும் அனுப்பினோம். கட்டட அமைப்பினர் நேர்மையாகவே பதில் சொன்னார்கள்: ஓர் அறைக்கு ஆசிரியர் இருக்கிறார், மற்றதற்கு விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. வாசிப்பு அமைப்பிடம் நான்கு பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். இருவர் மாம் பேசுபவர்கள், ஒருவர் கிச்சே, ஒருவர் ஸ்பானியம் மட்டும். பொருள் புரிதலைச் சோதிக்கிறீர்களா என்ற கேள்விக்கு, மூன்றாம் ஆண்டில் செய்வதாகத் திட்டம் என்றார்கள். முதல் ஆண்டிலேயே, இரு மொழிகளிலும் செய்ய வேண்டும் என்றும், எங்கள் இரண்டு ஊர்களுக்கு மாம் பேசும் பயிற்றுநர்களையே அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். குழுவில் இப்போது எட்டுப் பேர் பயிற்சியின் பக்கம். ஆறு பேர் இன்னும் கட்டடத்தை விடவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் தொடங்க அமைப்பினர் விரும்புகிறார்கள். அது சரியான காலமா?

மலைக்காற்று:

ஆசிரியர்களுக்கு மட்டும் என்றால் சரியான காலம். பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும் என்றால் இல்லை. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. நவம்பரில் அந்த ஊர்களின் குடும்பங்கள் காப்பி பறிக்கத் தெற்குச் சரிவுத் தோட்டங்களுக்கும் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சியாப்பாசுக்கும் போய்விடும். பிள்ளைகளும் உடன் போவார்கள், சிலர் பிப்ரவரியில்தான் திரும்புவார்கள். ஜனவரியில் முதல் சோதனை வைத்தால் மிக ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆண்டு முடிவில் அவர்களைச் சேர்த்துச் சோதித்துவிட்டு முன்னேற்றம் இல்லை என்று எழுதுவார்கள். நாங்கள் அப்படித்தான் எழுதினோம். மார்ச்சு நடுவில் முதல் சோதனையை வைக்கச் சொல்லுங்கள். நவம்பரில் ஆசிரியர்கள் மாம் எழுத்தைப் பழகட்டும்.